டர்போ டீசல் டிரெய்லரில் ரெயில் பிரஷர் குறைந்தால்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் முறை

வட சென்னையில் மணலிக்கும் மாதவரத்துக்கும் நடுவில் உள்ள ஒரு சிறு பட்டறையில், டர்போ பொருத்திய காமன் ரெயில் டீசல் வண்டிகளைப் பல ஆண்டுகளாகப் பழுது பார்த்து வருகிறேன். துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றி வரும் டிரெய்லர்கள், அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் ஓடும் டிப்பர்கள், எண்ணெய் டேங்கர்கள் என எல்லா வண்டிகளிலும் திரும்பத் திரும்ப வரும் புகார் ஒன்று உண்டு. வண்டி இழுக்கவில்லை, ஸ்கேனர் போட்டால் பி0087 காட்டுகிறது என்பார்கள். எல்லாச் சிலிண்டர்களுக்கும் அதிக அழுத்தத்தில் டீசலைத் தரும் பொதுக் குழாய்தான் ரெயில்; அதில் வேண்டிய அளவு எரிபொருள் அழுத்தம் இல்லை என்பது மட்டுமே அந்த எண்ணின் பொருள். ஏன் இல்லை என்பதை அது சொல்லாது. அந்த எண்ணைப் பார்த்த உடனேயே ரெயிலுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் ஹை பிரஷர் பம்ப்பையும், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களையும் கழற்றி டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பி, பெரும் பணம் செலவழித்து, அவற்றைத் திரும்பப் பொருத்திய பிறகும் அதே குறையோடு நிற்கும் வண்டிகள் என்னிடம் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பழுது, டேங்க்குக்கும், அதிலிருந்து டீசலை உறிஞ்சும் ஃபீட் பம்ப்புக்கும் இடையில் உள்ள சில மீட்டர் ஹோஸிலோ, சல்லடையிலோ, ஒரு செம்பு வாஷரிலோதான் இருந்தது. ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் டேங்க்கிலிருந்து தொடங்கி, பம்ப்பை நோக்கி நகரும் வரிசையிலேயே சோதனைகளை எழுதியிருக்கிறேன்.

இங்கே சொல்வது, ஹை பிரஷர் பம்ப்போடு சேர்ந்த கியர் வகை ஃபீட் பம்ப் உள்ள நான்கு, ஆறு சிலிண்டர் காமன் ரெயில் என்ஜின்களுக்குப் பொருந்தும். அளவுகள் என்ஜினுக்கு என்ஜின் மாறும் என்பதால், நான் தரும் எண்களை ஏறத்தாழவாக எடுத்துக்கொண்டு, உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவையே இறுதியாகக் கொள்ளுங்கள்.

## கை வைக்கும் முன்

காமன் ரெயிலில், ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐடிலிலேயே 300 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். முழுச் சுமையில் அது 1,600 பாரைத் தொடும். சில என்ஜின்களில் அதற்கு மேலும் போகும். பழைய இன்லைன் பம்ப் வண்டிகளில், என்ஜின் ஓடும்போதே நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்தி, எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பது நம் கைகளில் ஊறிய பழக்கம். காமன் ரெயில் வண்டியில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. கசிவு இருக்கிறதா என்று பைப்பைக் கையால் தடவியும் பார்க்கக் கூடாது; ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய டீசல் பீச்சல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளி போலத்தான் தெரியும், முதலில் வலியும் அதிகம் இருக்காது. ஆனால் உள்ளே சதை கெடத் தொடங்கிவிடும், விரலையே எடுக்க வேண்டிய நிலையும் வரலாம். அப்படி நேர்ந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடராமல், ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போய், அதிக அழுத்தத்தில் டீசல் உடலுக்குள் ஏறிவிட்டது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ரெயில் பக்கம் எதையும் கழற்றுவதற்கு முன் என்ஜினை அணைத்து, ஸ்கேனரில் ரெயில் பிரஷர் பூஜ்யத்துக்கு இறங்கியதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் குறைந்தது 10 நிமிடம் காத்திருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. நேரடி அளவுகளைக் காட்டும் ஸ்கேனர், உறிஞ்சலை அளக்கும் வாக்கும் கேஜ் ஒன்று, 10 பார் வரை காட்டும் சாதாரண பிரஷர் கேஜ், மல்டிமீட்டர், டீசலுக்குத் தாங்கும் கண்ணாடி போன்ற ஹோஸ் ஒரு மீட்டர், சுத்தமான கேன் ஒன்று, பல அளவுகளில் புதிய செம்பு வாஷர்கள் ஆகியவை போதும்.

## முதலில் தீர்க்க வேண்டியது: குறைவது டீசலா, காற்றா?

டர்போ வண்டியில் இழுவை குறைந்தால் டீசல் குறைந்திருக்கலாம், டர்போ தள்ளும் காற்றும் குறைந்திருக்கலாம். டிரைவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்தோ கிளாம்ப் தளர்ந்தோ காற்று வெளியேறினால், டீசல் போதுமான அளவு வந்தும் எரியக் காற்று போதாமல் கறுப்புப் புகை தள்ளும், சுமையில் சீறும் சத்தம் கேட்கும், ஸ்கேனரில் பெரும்பாலும் பி0299 வரும். டீசல் குறைந்தால் புகை இருக்காது. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தும் பாதி மிதித்தது போல என்ஜின் அமைதியாக நிற்கும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பி.எஸ்.6 புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளில் புகையை வைத்து முடிவு செய்ய முடியாது, சைலன்சரில் உள்ள ஃபில்டர் கரியைப் பிடித்துக்கொள்ளும். அவற்றில் ஸ்கேனர் ஒன்றே சாட்சி. என்ஜினை ஆளும் கணினியான ஈ.சி.யூ. கேட்கும் ரெயில் பிரஷர், உண்மையில் இருக்கும் ரெயில் பிரஷர் ஆகிய இரண்டையும் அருகருகே வைத்து, சுமையோடு வண்டியை ஓட்டச் செய்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கேட்பது 1,400 ஆகவும் கிடைப்பது 900 ஆகவும் இருந்தால் பழுது டீசல் பக்கம், தொடர்ந்து படியுங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கியும் இழுவை இல்லையென்றால் ரெயில் பிரஷரில் குறை இல்லை. காற்றுப் பக்கம் பாருங்கள், அல்லது புகையைச் சுத்தம் செய்யும் யூரியா, சைலன்சர் ஃபில்டர் போன்ற வேறு ஏதோ காரணத்துக்காக ஈ.சி.யூ. தானே சக்தியைக் குறைத்திருக்கிறதா என்று மற்ற எண்களைப் படியுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

## அறிகுறி 1: சமதளத்தில் சரியாக ஓடுகிறது, சுமையோடு ஏறும்போது இழுவை போகிறது

இதுதான் அதிகம் வருவது. மணலி சாலையில் நன்றாக வந்த டிரெய்லர், எர்ணாவூர் மேம்பாலம் ஏறும்போது பாதியில் கியரைக் குறைத்தும் இழுக்காமல், செக் லாம்ப் எரிந்து, ஈ.சி.யூ. சக்தியைக் குறைத்துவிடும் லிம்ப் மோடில் ஊர்ந்து போகும். கீழே இறங்கி, சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி சாதாரணமாக ஓடும். டீசல் வழியில் எங்கோ தடை இருக்கிறது, குறைந்த தேவைக்கு அது போதுமானதாக இருக்கிறது, தேவை கூடும்போதுதான் பற்றாக்குறை வெளியே தெரிகிறது என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

### ஃபில்டர்களைப் பாருங்கள்

தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டர் உள்ள பிரீ ஃபில்டரை முதலில் மாற்றுங்கள், பிறகு மெயின் ஃபில்டரை. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்ற பதிலை நம்பாமல், கழற்றிய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். காகிதத்தில் கறுப்புப் பிசின் போலப் படிந்திருந்தால் டேங்க்கில் அழுக்கு சேர்ந்திருக்கிறது; பளபளக்கும் உலோகத் துகள் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

புதிய மெயின் ஃபில்டரில் திறந்த கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பிப் பொருத்தும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மெயின் ஃபில்டரின் நடுத் துளையில் ஊற்றும் டீசல், வடிகட்டப்படாமல் நேராகப் பம்ப்புக்குப் போகிறது. காலியாகப் பொருத்திவிட்டு, கை பம்ப்பை அடித்தே நிரப்புங்கள். நேரம் பிடிக்கும், கை வலிக்கும், ஆனால் பம்ப் பிழைக்கும்.

### டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள்

இதற்குச் செலவே இல்லை. டீசல் குறையக் குறைய டேங்க்குக்குள் காற்று நுழைய ஒரு வழி வேண்டும். எண்ணூர் பக்கம் ஓடும் வண்டிகளில் நிலக்கரித் தூசியும் உப்புக் காற்றும் சேர்ந்து, அந்தத் துளையைச் சிமென்ட் பூசியது போல அடைத்துவிடுகின்றன. மூடியைத் திறக்கும்போது உஸ் என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் காரணம் கிடைத்துவிட்டது. மூடியைத் தளர்த்தி வைத்துச் சுமையோடு ஓட்டும்போது இழுவை திரும்பினாலும் அதே முடிவுதான். துளையைச் சுத்தம் செய்யுங்கள், முடியாவிட்டால் அந்த வண்டிக்குரிய மூடியை வாங்குங்கள்.

டீசல் திருட்டுக்குப் பயந்து பூட்டு மூடி போடுவது இங்கே சகஜம். வெளியில் வாங்கிப் போடும் சில பூட்டு மூடிகளில் காற்றுத் துளையே இல்லை. டேங்க்கில் தனி வென்ட் இல்லாத வண்டியில் இது ஒன்றே போதும் வண்டியை நிறுத்த.

### டேங்க்கின் உள்ளே இருக்கும் சல்லடை

ஒரு டிரெய்லர் இரண்டு மாதத்தில் மூன்று பட்டறைகளைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தது. ஃபில்டர்கள் புதியவை, இன்ஜெக்டர்கள் பெஞ்சில் சோதித்து வந்தவை. சக்‌ஷன் பைப்பை டேங்க்கிலிருந்து வெளியே எடுத்தபோது, அடியில் உள்ள சல்லடை முழுவதும் நீல நிற நூல் சுற்றி, ஒரு சிறு பறவைக் கூடு போல இருந்தது. டேங்க் மூடி தொலைந்த ஒரு நாளில் கைத்துணியைச் சுருட்டித் திணித்துவிட்டு டிரைவர் இரண்டு நடை ஓட்டியிருக்கிறார், துணியின் ஓரம் டீசலில் நனைந்து, நூல் நூலாகப் பிரிந்து உள்ளே போயிருக்கிறது. நின்றிருக்கும்போது நூல்கள் தளர்ந்து மிதக்கின்றன, உறிஞ்சும்போது சல்லடையோடு ஒட்டிக்கொள்கின்றன. அதனால்தான் பட்டறையில் நிறுத்திச் சோதித்த யாருக்கும் அது அகப்படவில்லை. டீசல் திருடுபவர்கள் விடும் குழாய்த் துண்டு, உடைந்த பிளாஸ்டிக் சீல், பங்க்கில் கேனில் வாங்கும்போது சேர்ந்த பாலிதீன் ஆகியவற்றையும் சல்லடையில் பார்த்திருக்கிறேன்.

சல்லடையை எடுத்துப் பார்த்த கையோடு டேங்க்கின் அடியில் உள்ள வடிகால் திருகையும் திறந்து, முதல் இரண்டு லிட்டரை ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் என்ன தங்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

### சக்‌ஷன் ஹோஸ்

என் அனுபவத்தில் அதிகமானவர்களை ஏமாற்றியது இதுதான். ரப்பர் ஹோஸ் வெளியே புதியதைப் போலவே இருக்கும். உள்ளே மெல்லிய படலம் பிரிந்து, ஒரு நாக்கு போலத் தொங்கிக்கொண்டிருக்கும். டீசல் மெதுவாகப் போகும்போது அந்த நாக்கு சுவரோடு ஒதுங்கி நிற்கும். வேகமாக உறிஞ்சும்போது எழுந்து வழியை அடைக்கும். காற்றழுத்தம் விட்டு ஊதிப் பார்த்தாலும் தாராளமாகப் போகும், ஏனென்றால் ஊதும் திசையில் அது படிந்துவிடுகிறது. ஹோஸைக் கழற்றி, ஒரு முனையில் டார்ச் அடித்து மறு முனையில் கண் வைத்துப் பாருங்கள். வளைவான ஹோஸாக இருந்தால் சந்தேகத்தோடு வைத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். டேங்க்கின் பின்பக்கம் சேஸியில் உரசி நசுங்கிய இடம் இருக்கிறதா என்றும் விரலால் தடவிக்கொண்டே போங்கள்.

தடை இருக்கிறதா என்பதை அளந்தே சொல்லிவிடலாம். பிரீ ஃபில்டருக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் வாக்கும் கேஜைப் பொருத்தி, கேபினுக்குள் தெரியும்படி கொண்டுவந்து, சுமையோடு ஓட்டுங்கள். பெரும்பாலான என்ஜின்களில் சுமார் 0.3 பாருக்கு மேல் உறிஞ்சல் காட்டினால் டேங்க் பக்கம் தடை இருக்கிறது என்று முடிவு செய்யலாம். உறிஞ்சல் மிகக் குறைவாக இருந்தும் ரெயில் பிரஷர் விழுந்தால் டேங்க் பக்கம் தடை இல்லை, அடுத்த படிக்குப் போங்கள்.

### ஃபீட் பம்ப்

மெயின் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் பிரஷர் கேஜைப் பொருத்துங்கள். முன்னால் கையேட்டு அளவு இருந்து, பின்னால் கணிசமாகக் குறைந்தால் ஃபில்டரே தடை. போலி ஃபில்டர்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முன்னாலேயே குறைவு, டேங்க் பக்கம் தடையும் இல்லை, காற்றும் வரவில்லை என்றால் ஃபீட் பம்ப்பின் கியர் தேய்ந்திருக்கலாம், அல்லது அதில் உள்ள சிறிய ஓவர்ஃப்ளோ வால்வு தூசி சிக்கித் திறந்தே நிற்கலாம். வால்வைக் கழற்றிக் கழுவிப் பார்ப்பது நம் கையில் உள்ள வேலை.

### ரெயிலின் முனையில் உள்ள லிமிட்டர் வால்வு

அழுத்தம் அளவு மீறினால் திறந்து டீசலைத் திருப்பி விடுவதுதான் இந்த வால்வின் வேலை. ஃபீட் பிரஷர் சரியாக இருந்தும் ரெயில் பிரஷர் ஏறவில்லையென்றால், ரெயிலிலிருந்து டேங்க்குக்குத் திரும்பும் பைப்பை லிமிட்டர் வால்விலிருந்து கழற்றி, வால்வின் வாயில் ஒரு ஹோஸை மாட்டி பாட்டிலில் விட்டு, ஐடிலில் ஓட்டுங்கள். இது ரிட்டர்ன் பக்கம் என்பதால் இங்கே பெரிய அழுத்தம் இராது, ஆனாலும் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். சாதாரண ஓட்டத்தில் அங்கே ஒரு சொட்டும் வரக் கூடாது. சொட்டினாலும் ஓடினாலும் வால்வு உட்காரவில்லை, மாற்ற வேண்டும். இந்த வால்வு ஒருமுறை திறந்துகொண்டாலே தேயத் தொடங்கிவிடும் வகையும் உண்டு என்பதால், அது ஏன் திறந்தது என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.

ஹை பிரஷர் பம்ப்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் யூனிட்டின் இணைப்பைக் கழற்றிவிட்டுச் சோதிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஒரு வகையில் அழுத்தம் எகிறி லிமிட்டர் வால்வு திறக்கும், இன்னொரு வகையில் என்ஜின் அணையும். எந்த வகை என்று தெரியாமல் அதைச் செய்ய வேண்டாம். இணைப்பில் பச்சை பூத்திருக்கிறதா, பின் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொண்டு, மேலே உள்ள எல்லாம் சரியாக இருந்தால் பம்ப் கடைக்குச் சொல்லுங்கள்.

## அறிகுறி 2: காலையில் நீண்ட நேரம் சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகிறது, அதன் பிறகு நாள் முழுவதும் சரியாக ஓடுகிறது

இரவில் நின்றிருக்கும்போது எங்கோ ஒரு சிறு துளை வழியாகக் காற்று நுழைந்து, பைப்பில் இருந்த டீசல் டேங்க்குக்கு இறங்கிவிடுகிறது. பெரும்பாலான என்ஜின்களில் ரெயிலில் 150 முதல் 250 பார் வரை ஏறும்வரை ஈ.சி.யூ. இன்ஜெக்டர்களைத் திறக்காது. ஆகவே பம்ப் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் பேட்டரிதான் செலவாகும்.

காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கை பம்ப்பை அடித்துப் பாருங்கள். முதல் இரண்டு, மூன்று அடியிலேயே கெட்டியானால் காற்று இல்லை, வேறு காரணம். இருபது, முப்பது அடி தளதளவென்று போய்விட்டு அதன் பிறகு கெட்டியாகி, உடனே ஸ்டார்ட் ஆனால் காற்றுதான். எவ்வளவு அடித்தும் கெட்டியாகவே இல்லையென்றால், கை பம்ப்பின் வால்வு போயிருக்கலாம்; அதுவே காற்று நுழையும் வழியாகவும் இருக்கலாம்.

காற்று எங்கே நுழைகிறது என்று தேட, சக்‌ஷன் ஹோஸை எடுத்துவிட்டு, கண்ணாடி போன்ற ஹோஸை ஃபீட் பம்ப் வாயில் போட்டு என்ஜினை ஓட்டுங்கள். ஸ்டார்ட் ஆன முதல் அரை நிமிடத்தில் சில குமிழிகள் வருவது இயல்பு. தொடர்ந்து மணி மணியாக ஓடிக்கொண்டே இருந்தால், ஹோஸை ஒவ்வொரு இணைப்பாக டேங்க்கை நோக்கி நகர்த்திக்கொண்டே போங்கள். குமிழி நின்றுவிடும் இணைப்புக்கும் அதற்கு முந்தைய இணைப்புக்கும் நடுவில்தான் ஓட்டை. சக்‌ஷன் பக்கத்தில் காற்று உள்ளே போகும், டீசல் வெளியே வராது. ஆகவே ஈரம் இல்லை என்பதை வைத்து அந்த இணைப்பு நல்லது என்று விட்டுவிடக் கூடாது.

பெரும்பாலும் பழைய செம்பு வாஷர்தான் காரணம். ஒருமுறை இறுக்கிய வாஷரைத் திருப்பிப் போட்டு மறுபடி இறுக்கினால் அது உட்காராது. பைப்பை இணைக்கும், நடுவில் துளையுள்ள பான்ஜோ போல்ட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கத்துக்கும் புதியது போடுங்கள், சில பத்து ரூபாய்க்கு மேல் ஆகாது. அடுத்து வாட்டர் செப்பரேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகு, ஃபில்டர் வாய் ரப்பர், சக்‌ஷன் பைப் டேங்க்கில் நுழையும் இடத்தின் வெல்டிங். டேங்க்கின் உள்ளேயே சக்‌ஷன் பைப்பில் வெடிப்பு விட்டிருந்த வண்டியும் உண்டு. டேங்க் நிரம்பியிருந்தால் சரியாக ஓடும், பாதிக்குக் கீழே இறங்கினால் காற்று இழுக்கும். இப்படி டீசல் மட்டத்தோடு சேர்ந்து குறை வந்து போனால் நேராகப் பைப்பை வெளியே எடுத்துவிடுங்கள்.

எந்த முடிவுக்கும் வர முடியாவிட்டால் கேன் வைத்துப் பாருங்கள். சுத்தமான டீசல் உள்ள கேனை ஃபீட் பம்ப்பின் மட்டத்துக்குச் சற்று மேலே வைத்து, பிரீ ஃபில்டரின் உள்வாயில் நேராக ஹோஸ் போட்டு இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆனால் பழுது டேங்க்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில். அப்போதும் சுற்றிக்கொண்டே இருந்தால் ஃபில்டருக்கு அப்பால். பாதி வண்டியை இந்த ஒரு கேன் ஒதுக்கிக் கொடுத்துவிடும்.

## அறிகுறி 3: குளிரில் ஸ்டார்ட் ஆகிறது, சூடான பிறகு அணைத்தால் ஸ்டார்ட் ஆவதில்லை

இது முந்தைய அறிகுறிக்கு நேர் எதிர், செலவும் அப்படித்தான். மணலியின் எம்.எஃப்.எல். சந்திப்பிலிருந்து துறைமுக வரிசையில் மணிக்கணக்காக நகர்ந்து நின்ற வண்டியை ஒரு டீக்கு அணைத்துவிட்டு மறுபடி சாவி போட்டால், சுற்றும், ஆனால் பிடிக்காது. அரை மணி நேரம் ஆறிய பிறகு பிடிக்கும். டீசல் சூடேறி நீர்த்துப்போகும்போது, இன்ஜெக்டரிலும் பம்ப்பிலும் தேய்ந்த இடங்கள் வழியாக அது பின்னால் ஒழுகிவிடுவதால், ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தில் அழுத்தம் ஏறுவதில்லை.

முதலில் பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் பாருங்கள், ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினாலும் இதே அறிகுறி வரும். டேங்க்கில் டீசல் கால் பங்குக்குக் கீழே இருந்ததா என்றும் கேளுங்கள். என்ஜினிலிருந்து திரும்பி வரும் சூடான டீசல் சிறிதளவு டீசலோடு கலக்கும்போது டேங்க்கில் உள்ள டீசல் முழுவதும் சூடேறிவிடுகிறது. நிரப்பிவிட்டு இரண்டு நாள் பார்த்தால் சிலருக்குக் குறை தள்ளிப்போகும், ஆனால் தேய்மானம் இருக்கிறது என்பதும் உறுதியாகிவிடும்.

சூடான நிலையில் சுற்றும்போது ஸ்கேனரில் ரெயில் பிரஷரைப் பாருங்கள். 100 பாரைத் தாண்டாமல் தத்தளித்தால் ரிட்டர்ன் அளவை, அதாவது இன்ஜெக்டர்களிலிருந்து டேங்க்குக்குத் திரும்பும் டீசலின் அளவை எடுக்க வேண்டும். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் வெளியே தனி ரிட்டர்ன் வாய் உள்ள என்ஜினில், ஒரே அளவு பாட்டில்களை மாட்டி, ஐடிலில் இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். மற்றவை விரல் உயரம் நிரம்பும்போது ஒன்று மட்டும் பாதி பாட்டில் நிரம்பினால் குற்றவாளி அதுதான். எல்லாப் பாட்டில்களும் ஒரே அளவில் அதிகமாக நிரம்பினால், இன்ஜெக்டர்கள் எல்லாமே தேய்ந்திருக்கின்றன. அப்போது டீசலின் தரத்தைப் பற்றி உரிமையாளரிடம் பேச வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று பேரலில் வாங்கும் கலப்பட எண்ணெய் இன்ஜெக்டருக்கும் பம்ப்புக்கும் வழவழப்புத் தருவதில்லை.

ரிட்டர்ன் வழி சிலிண்டர் ஹெட்டுக்கு உள்ளேயே இருக்கும் பெரிய என்ஜின்களில் இப்படிப் பிரித்துப் பார்க்க முடியாது. அவற்றில் இன்ஜெக்டருக்கும் வெளிப் பைப்புக்கும் இடையே ஹெட்டின் வழியே போகும் கனெக்டர் குழாயும் ஒழுகலாம். சமீபத்தில் யாராவது இன்ஜெக்டரைக் கழற்றிப் பொருத்தி, அதன் பிறகே இந்தக் குறை தொடங்கியிருந்தால், புதிய இன்ஜெக்டருக்குச் செலவு செய்வதற்கு முன் அந்தக் கனெக்டர்களைத் தான் சந்தேகப்பட வேண்டும். அதை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் உள்ள வரிசையில், இன்ஜெக்டர் கிளாம்ப்போடு சேர்த்து இறுக்க வேண்டும். கை உத்தேசத்தில் இறுக்கியது ஒழுகும்.

இந்த அறிகுறியில், ரிட்டர்ன் அளவு அதிகம் என்று கண்டவுடன் பம்ப் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். இன்ஜெக்டர் பிரிப்பது தெருவோரப் பட்டறையில் செய்யும் வேலை அல்ல.

## அறிகுறி 4: ஐடிலில் என்ஜின் ஆடுகிறது, என்ஜின் வேகம் காட்டும் முள் ஏறி இறங்குகிறது

காற்றுக் குமிழியா என்று அறிகுறி 2-இல் சொன்னபடி முதலில் பாருங்கள். குமிழி இல்லையென்றால், ஸ்கேனரில் கேட்கும் அழுத்தம் நேர்கோடாகவும் கிடைப்பது 50, 100 பார் ஏறி இறங்கிக்கொண்டும் இருந்தால் மீட்டரிங் யூனிட் ஒட்டி ஒட்டி வேலை செய்கிறது. தண்ணீர் கலந்த டீசல் போன வண்டிகளில் இது சீக்கிரம் வரும்.

## அறிகுறி 5: ஓடும்போதே சட்டென்று அணைகிறது

மெதுவாக இழுவை குறைந்து அணைந்தால் டீசல் வழியில் அடைப்பு, அறிகுறி 1-க்குப் போங்கள். சுவிட்சை அணைத்தது போல நின்றால் வயரிங்.

சாவியை மட்டும் போட்டு, என்ஜின் நின்று வெகு நேரம் ஆன நிலையில் ரெயில் பிரஷரைப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். நின்ற என்ஜினில் 100, 200 பார் காட்டினால் சென்சாரோ வயரோ பொய் சொல்கிறது. சென்சார் இணைப்பில் ஒரு கம்பியில் 5 வோல்ட் வர வேண்டும். சிக்னல் கம்பியில், அழுத்தம் இல்லாதபோது 0.5 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். பிறகு ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே வயர்க் கட்டை (ஹார்னஸை) ரெயிலிலிருந்து ஈ.சி.யூ. வரை ஒரு சாண் ஒரு சாணாக ஆட்டுங்கள். எண் துள்ளும் இடத்தில் உறையைப் பிரித்துப் பாருங்கள். கடலோரச் சாலைகளிலேயே ஓடும் நம் வண்டிகளில், உறைக்குள் செம்பு பச்சைப் பொடியாகி, ஓரிரு இழையில் மட்டும் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். புதிய சென்சார் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

## அறிகுறி 6: டீசலில் தண்ணீர் இருப்பதைக் காட்டும் விளக்கு எரிகிறது, அல்லது வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு, சேஸி வரை தண்ணீரில் நின்ற வண்டிகள் வரிசையாக வந்தன. அவற்றில் ஸ்டார்ட் செய்து பார்க்காமல் இழுத்து வந்தவை பெரும்பாலும் டேங்க்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றியதோடு ஓடின. "ஒரு தடவை போட்டுப் பாத்தேண்ணா, புடிச்சிது, அப்புறம் நின்னுட்டுது" என்று டிரைவர் சொன்ன வண்டிகளில்தான் பம்ப்பும் போயிருந்தது.

ஆகவே வெள்ளத்தில் நின்ற வண்டியில் சாவியைத் தொடாதீர்கள். டேங்க்கின் வடிகாலைத் திறந்து முழுவதையும் இறக்குங்கள், டேங்க்கைக் கழற்றிக் கழுவுங்கள், பைப்புகளில் காற்று விட்டு ஊதுங்கள், இரண்டு ஃபில்டர்களையும் மாற்றுங்கள், புதிய டீசல் ஊற்றி, மெயின் ஃபில்டரின் வெளிவாயில் சுத்தமான டீசல் வரும்வரை கை பம்ப் அடித்து, அதைப் பாட்டிலில் பிடித்துப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். என்ஜின் 200 மணி நேரம் ஓடிய பிறகு ஃபில்டர்களை மறுபடி மாற்றுவது நல்லது.

வெள்ளம் இல்லாத நாளில் விளக்கு எரிந்தால், ஓரமாக நிறுத்தி வாட்டர் செப்பரேட்டரின் அடித் திருகைத் திறந்து, தண்ணீர் நின்று டீசல் வரும்வரை விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை இதைச் செய்யச் சொல்லுங்கள். வடித்த ஒரு வாரத்துக்குள் விளக்கு மறுபடி எரிந்தால், பங்க்கை மாற்றிப் பாருங்கள்.

## பம்ப் கடைக்குப் போக வேண்டிய நிலை

ஃபில்டரிலோ மீட்டரிங் யூனிட்டின் சல்லடையிலோ பளபளக்கும் உலோகத் துகள் தெரிந்தால் அதற்கு மேல் வண்டியை ஓட்டக் கூடாது. பம்ப் உள்ளே அரைபடுகிறது, அந்தத் துகள் ரெயில், இன்ஜெக்டர், ரிட்டர்ன் வழியாக டேங்க் வரை போயிருக்கும். பம்ப்பை மட்டும் மாற்றினால் மிச்சமிருக்கும் துகள் புதிய பம்ப்பையும் தின்றுவிடும். பம்ப், இன்ஜெக்டர்கள், ரெயில், உயர் அழுத்தப் பைப்புகள் எல்லாவற்றையும் மாற்றி, டேங்க்கையும் குறைந்த அழுத்தப் பைப்புகளையும் கழுவ வேண்டியிருக்கும். செலவு லட்சங்களில் போகும் என்பதை உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாதி வேலைக்குச் சம்மதிக்காதீர்கள்.

என்ஜின் ஆயில் மட்டம் தானாக ஏறி டீசல் வாடை அடித்தாலும் ஓட்டுவதை நிறுத்த வேண்டும், இன்ஜெக்டரோ பம்ப் சீலோ டீசலை உள்ளே விடுகிறது. மீட்டரிங் யூனிட்டை மாற்றுவது, இன்ஜெக்டரின் எண்ணை ஈ.சி.யூ.வில் ஏற்றுவது, பம்ப் பிரிப்பது ஆகிய மூன்றும் அதற்குரிய கருவி வைத்திருப்பவர்களின் வேலை.

அங்கே கொண்டுபோகும்போது வெறும் பி0087 என்று சொல்லாமல், சுமையில் கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம், வாக்கும் கேஜ் காட்டியது, ஃபீட் பிரஷர், ரிட்டர்ன் பாட்டில்களின் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கழற்றிய பழைய ஃபில்டரையும் கவரில் போட்டுக் கொடுங்கள். வேலை முடிந்து வந்த பிறகு, அதே சுமையோடு அதே மேம்பாலத்தில் ஏற்றி, அதே எண்களை மறுபடி எடுத்து, அந்தத் தாளின் பக்கத்திலேயே எழுதிப் பார்த்துவிட்டு வண்டியை வெளியே விடுங்கள்.